கைதாகித் தூங்கிய மத்தியானம்

லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எஞ்சினை அணைத்தன. அப்போதுதான் எனக்குக் கடல் கேட்டது.

அதுவரை கேட்டதே இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாலைதான். ஆனால் அந்தச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் உறுமிக்கொண்டே நிற்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடலைப் பார்த்திருக்கிறேன், முகர்ந்திருக்கிறேன், கொடியில் காயும் துணியில் அதன் உப்பைத் தொட்டிருக்கிறேன். கேட்டதில்லை.

அன்று காலை நாங்கள் அந்தச் சாலையின் நடுவில் உட்கார்ந்திருந்தோம். முன்னால் காலிக் குடங்கள், பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாக. பின்னால் தெருப் பெண்கள் எல்லோரும். என் மடியில் ஐந்து மாதக் குழந்தை. தார் இன்னும் சூடேறவில்லை. பனியின் ஈரம் புடவை வழியே மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கடைசி லாரியும் அடங்கியதும், கரையில் கொட்டியிருந்த பாறைகளுக்கு அந்தப் பக்கமிருந்து, யாரோ ஒரு பெரிய துணியை நிதானமாக உதறி உதறி மடிப்பது போல அலைச் சத்தம் வந்தது.

குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது.

"இன்னா கற்பகம், அப்டி முழிக்கிற? கடலுதான். அது எப்பவும் கத்திகினுதான் கீது. நமக்குத்தான் கேக்கல" என்றாள் பக்கத்தில் இருந்த டில்லி அக்கா.

குழாயில் வந்தது

டில்லியம்மா என்பது முழுப் பெயர். தெருவுக்கே டில்லி அக்கா. விடிவதற்கு முன் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து வந்து, அலுமினியத் தட்டில் வைத்துத் தெருத் தெருவாக விற்பாள். எனக்குப் பக்கத்து வீடு. பிரசவம் முடிந்து அம்மா வீட்டிலிருந்து குழந்தையோடு நான் திரும்பி வந்தபோது முதலில் வந்து ஆரத்தி எடுத்தவளும் அவள்தான்.

நான் வந்த சில நாட்களிலேயே எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வர ஆரம்பித்தது. எங்கோ பூமிக்கடியில் குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டினேன். கொதிக்க வைத்தேன். நிறம் போனது, வாடை போகவில்லை. தண்ணீர் லாரி ஒரு நாள் வரும், பிறகு பல நாட்கள் வராது.

குழந்தைக்கு வயிற்றால் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "மொதல்ல தண்ணியை மாத்துங்க" என்றார். ஏதோ சட்டையை மாற்றச் சொல்வது போல.

என் கணவர் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். மறியலுக்கு முந்தின இரவு ஷிப்டுக்குப் போனவர், பகல் ஷிப்டுக்கும் ஆள் இல்லாததால் அங்கேயே நின்றுவிட்டார். விடியற்காலையில் டில்லி அக்கா கதவைத் தட்டினாள்.

"குடத்த எட்த்துகினு வா."

"எங்கக்கா?"

"ரோட்டுக்கு."

"எதுக்கு?"

"உக்கார."

நான் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டேன். "நான் வரலக்கா. எங்கப்பா கவர்மெண்ட்ல வேலை பார்க்கிறவரு. இதெல்லாம் எங்க வீட்ல..." என்று இழுத்தேன்.

அவள் என் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். "உங்க நைனா கவுர்மெண்ட்டுல கீறாரு, சரி. இந்தக் கொயந்த குடிக்கிற தண்ணி எதுல கீது?"

குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

அப்பாவின் அரசாங்கம்

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு சிறிய ஊரில், தாலுகா ஆபீஸில் அவர் பியூன். எங்கள் வீட்டில் அரசாங்கம் என்ற சொல்லைச் சொல்லும்போது எல்லோருடைய குரலும் ஒரு படி இறங்கும். ஏதாவது சான்றிதழ் வாங்க என்னை அனுப்பும்போது முந்தின நாளே சொல்லித் தருவார்: "கையக் கட்டிக்கோ. கேட்டா மட்டும் பேசு. மனுவக் குடுத்துட்டு வந்துடு. ஆச்சா ஆச்சான்னு போய்க் கேக்காத, அவங்களுக்கு ஆயிரம் வேல இருக்கும்."

ஓட்டுப் போடும் நாள் எங்கள் வீட்டில் விரத நாள் மாதிரி. அப்பா தலைக்குக் குளிப்பார். வெளுத்த சட்டை, நெற்றியில் விபூதி. பள்ளிக்கூடத்துக்குப் போய் ஓட்டைப் போட்டுவிட்டு வந்து, விரல் மையை ஒரு காயத்தைப் போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாருக்குப் போட்டீர்கள் என்று அம்மா கேட்டால், "அது ரகசியம்" என்பார். "அப்ப நான் யாருக்குப் போட?" என்பாள் அம்மா. "உனக்கு யாரு நல்லவங்கன்னு தோணுதோ அவங்களுக்கு." அம்மா பாவம், அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பாள்.

அது முடிந்தால் அடுத்த தேர்தல்வரை எங்களுக்கும் அரசாங்கத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காத்திருப்பது மட்டும்தான்.

இதைக் கேலியாக எழுதவில்லை. அந்தப் பயபக்தியில் ஒரு அழகும் இருந்தது. அப்பா நிஜமாகவே நம்பினார், எங்கோ ஒரு அறையில் ஒரு நல்ல மனிதர் எங்கள் மனுக்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று. நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையையும் ஒரு சீர்வரிசைப் பாத்திரம் மாதிரி எடுத்துக்கொண்டுதான் திருவொற்றியூருக்கு வாழ வந்தேன்.

ஓட்டு வேற, தண்ணி வேற

இங்கே வந்து பார்த்தால் ரகசியம் என்று ஒன்றுமே இல்லை.

டில்லி அக்கா வீட்டுச் சாமி அலமாரியில் முருகனுக்கும் அம்மனுக்கும் நடுவில் அவளுடைய கட்சித் தலைவர் படம். அதைச் சுற்றி சீரியல் பல்பு. எதிர்வீட்டில் வேறு தலைவர், வேறு நிற பல்பு. தேர்தல் வந்தால் வாசலில் கோலத்துக்குப் பதில் சின்னம். இந்த வீடும் அந்த வீடும் பகல் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திக்கொள்ளும். சாயங்காலம் இங்கிருந்து ஒரு கிண்ணம் மீன் குழம்பு அங்கே போகும். கட்சி அவர்களுக்குக் கொள்கை மட்டும் இல்லை. தாய்மாமன் வீடு மாதிரி, பிறக்கும்போதே இருப்பது.

அதனால்தான் அன்று சாலையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. "அக்கா, கவுன்சிலர் உங்க கட்சிதானே? உங்க ஆளையே எதிர்த்தா உக்காந்திருக்கீங்க?"

"நம்ப ஆளு, அதான் உக்காந்துகீறேன். நம்ப ஆள கேக்காம வேற எவனப் போய்க் கேப்பேன்? நாளைக்கி எலக்சன் வந்தாலும் அவனுக்குத்தான் குத்துவேன். ஓட்டு வேற, தண்ணி வேற."

நான் அதை நாள் கணக்கில் யோசித்திருக்கிறேன். என் அப்பாவுக்கு அரசாங்கம் அடுத்தவர் வீடு. செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிட்டால் மட்டும் உள்ளே போக வேண்டிய வீடு. டில்லி அக்காவுக்கு அது அவள் வீட்டிலேயே வளர்ந்த பொறுப்பில்லாத தம்பி. திட்டலாம், வழியை மறிக்கலாம், கடைசியில் சோறும் போடலாம்.

ஆனால் அதிலும் ஒரு குறை இருந்தது. தம்பி ஒரு லாரித் தண்ணீரை அனுப்பிவிட்டால் அக்காவின் கோபம் தணிந்துவிடும். உடைந்த குழாய் பூமிக்கடியில் அப்படியே கிடக்கும். இது எனக்குப் புரிய ரொம்ப நாளானது.

மின்விசிறிகளின் கீழே

வெயில் ஏறியபோது போலீஸ் வந்தது. லாரிகள் எண்ணூர் வரைக்கும் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். பெண் எஸ்.ஐ. ஒருவர் எங்கள் முன்னால் வந்து நின்று, "இதுல தலைவர் யாரு?" என்று கேட்டார்.

"தண்ணி இல்லாதவங்க எல்லாரும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எஸ்.ஐ. அம்மாவும் சிரிப்பை அடக்க வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு எங்களைக் கைது செய்தார்.

குடங்களைச் சாலை ஓரமாக அடுக்கிவிட்டு வேனில் ஏறினோம். சிறைக்குப் போகிறோம் என்று நினைத்து நான் குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதேன். வேன் போய் நின்ற இடம் ஒரு கல்யாண மண்டபம். மறியல் செய்பவர்களைப் பிடித்தால் இங்கே இப்படித்தான். சாயங்காலம்வரை மண்டபத்தில் வைத்திருந்து விட்டுவிடுவார்கள். எனக்கு மட்டும்தான் அது தெரியாது.

வாசலில் பெயர் எழுதிக்கொண்டார்கள். பிறகு உள்ளே போனோம்.

முந்தின நாள் அங்கே ஒரு கல்யாணம் நடந்திருக்க வேண்டும். மேடையில் தெர்மாகோல் எழுத்துகளில் மணமகன் பெயர் பாதி உதிர்ந்திருந்தது. மணமகள் பெயர் முழுதாக இருந்தது. மூலையில் வாடிய சம்பங்கி. தரையெல்லாம் பன்னீர் வாசனை. வரிசை வரிசையாக மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. வெளியே நெருப்பு வெயில், உள்ளே குகை மாதிரி குளிர்ச்சி.

கை கழுவும் இடத்தில் யாரோ ஒருத்தி குழாயைத் திறந்தாள்.

"ஏய், இங்க வந்து பாருங்கடி!"

தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு முகம் கழுவினோம். கழுத்து, கை, கால். சிலர் தலைமுடியை அவிழ்த்துவிட்டு உச்சியில் தண்ணீரை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டார்கள். நான் குழந்தையைக் குழாயடியில் பிடித்துக் குளிப்பாட்டினேன். அது காலை உதைத்துச் சிரித்தது.

மத்தியானம் தக்காளி சாதப் பொட்டலம் வந்தது. சாப்பிட்ட பிறகு, யாரும் சொல்லாமலேயே, ஒவ்வொருவராகத் தரையில் சாய்ந்தார்கள். ஜன்னல் கம்பியில் புடவையைக் கட்டித் தூளி போட்டுக் கொடுத்தாள் டில்லி அக்கா. அடுத்த நிமிடம் அவளும் தலைக்குக் கையை வைத்துத் தூங்கிப்போனாள்.

எங்கள் தெருப் பெண்கள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. விடியலில் மீன், பிறகு சமையல், தண்ணீர், வேலைக்குப் போகும் வீடுகள், மறுபடி தண்ணீர். தூக்கத்தில் அவர்கள் எல்லோர் முகத்திலும் வயது குறைந்திருந்தது. நனைந்த கூந்தல்கள் தரையில் பரவிக் கிடந்தன. வாசலில் காவலுக்கு இருந்த பெண் ஏட்டு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். காற்றாடிகளின் சத்தம் காலையில் கேட்ட அலை போலவே இருந்தது. எது விசிறி, எது கடல் என்று பிரித்துக் கேட்க முயன்றபடியே நானும் தூங்கிவிட்டேன். கைதியாகிப் போன இடத்தில், பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாக, கனவு வரும் அளவுக்குத் தூங்கினேன்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம்

குழந்தை சிணுங்கி விழித்தபோது வாசல் பக்கம் ஒரு தெரிந்த குரல். கம்பிக் கதவுக்கு வெளியே அப்பா நின்றிருந்தார்.

முன்கூட்டிச் சொல்லாமல், பேத்தியைப் பார்க்கக் கிளம்பி வந்திருக்கிறார். வீடு பூட்டியிருக்கிறது. பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டதற்கு, "உங்க பொண்ணா? போலீஸ் இட்டுகினு போச்சு நைனா. கல்யாண மண்டபத்துல கீது" என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார்.

வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கையில் துணிப்பை. அந்தக் கையையும் சேர்த்துக் கூப்பிக்கொண்டு எஸ்.ஐ. அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நானும் கவர்மெண்ட்ல கடைநிலை ஊழியன்தாம்மா. பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. கைக்குழந்தைக்காரி."

எஸ்.ஐ. அம்மா நல்லவர். ஒரு நாற்காலி போடச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. "சரிங்கய்யா. கொழந்த வேற இருக்கு. பின்பக்கமா கூட்டிட்டுப் போயிடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் எஸ்.ஐ. அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். "வாம்மா."

தூளியிலிருந்து குழந்தையை எடுத்தேன். அதற்குள் எல்லோரும் விழித்துவிட்டார்கள். டில்லி அக்கா எழுந்து என் முந்தானையைச் சரி செய்துவிட்டாள்.

"போ கண்ணு. கொயந்தைக்கு ஒடம்பு சரியில்ல. யாரும் ஒண்ணும் நென்ச்சிக்க மாட்டோம்."

அவள் திட்டியிருந்தால் போயிருப்பேன். கதவுவரை நடந்தேன். மண்டபம் அன்று ரொம்ப நீளமாக இருந்தது. தரையில் உட்கார்ந்திருந்த பெண்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். ஒருத்தி தன் ஈரக் கூந்தலை நான் மிதிக்காதபடி ஒதுக்கிக்கொண்டாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "எல்லாரையும் விடும்போது வரேம்ப்பா."

அப்பாவுக்குப் புரியவில்லை. "பேரு பதிஞ்சிடும்மா" என்றார் மெல்லிய குரலில்.

"பதிஞ்சிடுச்சுப்பா. அப்பா பேர் சொல்றியா, வீட்டுக்காரர் பேர் சொல்றியான்னு கேட்டாங்க. உங்க பேரைத்தான் சொன்னேன்."

அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கொழந்தைக்கு என்ன?"

"வயித்தால போகுதுப்பா. தண்ணி சரியில்ல."

"மனு குடுத்தீங்களா?"

"குடுத்தோம். போன மாசமும் குடுத்தோம். அதுக்கு முந்தியும் குடுத்தோம்."

மனுக்கள் எங்கே போகும் என்று அப்பாவுக்குத் தெரியும். கட்டுக் கட்டாகக் கட்டி அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்த கைகள் அவருடையவை. கம்பி வழியே ஒரு விரலை நீட்டிக் குழந்தையின் பாதத்தைத் தொட்டார். துணிப்பையிலிருந்து கேழ்வரகு மாவுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிறகு திரும்பி நடந்தார்.

ஊருக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில், நடைபாதையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்க்கவில்லை. மரத்தின் இளஞ்சிவப்புப் பூக்கள் அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தன. அவற்றைத் தட்டிவிடக்கூட இல்லை.

குழாய் வந்த கதை

புதுக் குழாய் போட அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் ஆனது. நடுவில் மறுபடி உட்கார்ந்தோம், மறுபடி மண்டபத்தில் தூங்கினோம். லாரி வந்ததும் எல்லோரும் கலைந்துவிடுவதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் நானே தண்ணி ஆபீசுக்குப் போய் "ஆச்சா?" என்று கேட்க ஆரம்பித்தேன். வாரா வாரம் போனேன். கடைசியில் என்னைப் பார்த்தாலே அந்த ஆபீசர் எழுந்து நிற்கப் பழகிவிட்டார், ஓடுவதற்கா மரியாதைக்கா என்று தெரியாது.

தூளியில் கிடந்தவளுக்கு இப்போது ஓட்டு வந்துவிட்டது. முதல் ஓட்டைப் போட்டுவிட்டு வந்து விரலைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். பிறகு, "அவ்ளோதானாம்மா?" என்றாள். அடுத்து வந்த, வார்டு மக்கள் அதிகாரிகளிடம் குறை கேட்கும் ஏரியா சபைக் கூட்டத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகள் பெஞ்சில், கொஞ்சம் பேர்தான். தரையில் உட்கார முட்டி ஒத்துழைக்காத டில்லி அக்கா, நாற்காலியில் அமர்ந்து, அதே குரலில் மழைநீர்க் கால்வாயைப் பற்றிக் கேட்டாள். அதிகாரி பார்ப்போம் என்றார்.

நான் எழுந்தேன். போன கூட்டத்தில் ஒத்துக்கொண்டது என்ன ஆனது என்று கேட்டேன். கை கூப்பித்தான் கேட்டேன், அது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம், போகாது. ஆனால் பதில் வரும்வரை உட்காரவில்லை.

அன்று சாயங்காலம்

அந்த முதல் மறியல் நாளில், வெயில் தாழ்ந்த பிறகு எங்களை மண்டபத்திலிருந்து விட்டார்கள். அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார். பெண்கள் கூட்டமாக முன்னால் போனார்கள். சாலையில் லாரிகள் மறுபடி உறுமிக்கொண்டு நகர்ந்தன. ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டி, "தண்ணி வந்துச்சாக்கா?" என்று கத்திக் கேட்டுவிட்டுப் போனார்.

வந்திருந்தது. தெரு முனையில் தண்ணீர் லாரி நின்றது. எல்லோரும் ஓடிப்போய் அவரவர் குடத்தைத் தேடி எடுத்தார்கள். நான் குழந்தையோடு தடுமாறுவதைப் பார்த்து, என் நீலக் குடத்தை அப்பா வாங்கிக்கொண்டார்.

குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த டில்லி அக்கா அவரைப் பார்த்துவிட்டாள். "ஏய், வழி வுடுங்கடி. பெரியவரு ஊர்லேர்ந்து வந்துகீறாரு. நைனா, நீங்க முன்னாடி வாங்க."

வரிசை ஒதுங்கி வழிவிட்டது. அப்பா அந்த வழியைப் பார்த்தார். அதன் இரண்டு பக்கமும் நின்ற பெண்களைப் பார்த்தார்.

"இல்லம்மா. நான் கடைசியா வந்தவன்" என்றார்.

குடத்தோடு பின்னால் நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் இருந்தவர்கள் செய்வதைப் பார்த்து, அவரும் குடத்தைக் காலால் தள்ளித் தள்ளி நகர்ந்தார். விளக்குகள் எரிய ஆரம்பித்த நேரத்தில் அவர் முறை வந்தது.

நிரம்பிய குடத்தை அவருக்குத் தூக்கத் தெரியவில்லை. தலையில் வைக்க முடியவில்லை, இடுப்பிலும் நிற்கவில்லை. கடைசியில் இரண்டு கைகளாலும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, வெளுத்த சட்டையெல்லாம் நனைய, அப்பா தெருவின் நடுவே என் வீட்டை நோக்கி நடந்து வந்தார்.